இணை வேட்பாளர் தேர்வு என்னும் அளவுகோல்: அமெரிக்க அதிபர் வேட்பாளரின் தகுதியை மதிப்பிடல்

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம் அதிபராக வருபவரிடம் மூன்றைத்தான் கேட்கிறது: பிறப்பால் குடியுரிமை, 35 வயது, 14 ஆண்டு உள்நாட்டு வாசம். கல்வி, நிர்வாகப் பயிற்சி, நடத்தை எதுவும் அதில் பேசப்படவில்லை. தேர்வாளர் குழு என்ற இடைநிலை அமைப்பு இருக்கும்போது தகுதியைச் சட்ட வாசகத்துக்குள் அடைக்க வேண்டியதில்லை என்று அதை இயற்றியவர்கள் நம்பினார்கள். 1788இல் அலெக்சாண்டர் ஹாமில்டன் எழுதிய ஃபெடரலிஸ்ட் 68ஆம் கட்டுரை அந்த நம்பிக்கையை வாதமாக்குகிறது: ஒரு மாநிலத்துக்குள் மேலே வரச் சூழ்ச்சி போதும், நாடு முழுவதன் நம்பிக்கையையும் பெற அது போதாது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் கட்சிகள் அந்தச் சல்லடையைக் கிழித்துவிட்டன. 1800இல் ஜெபர்சனும் அதே கட்சியின் துணை அதிபர் வேட்பாளரான ஆரன் பரும் ஆளுக்கு 73 வாக்கு பெற்றுச் சமமாக நிற்க, பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுத்த பிறகே ஜெபர்சன் அதிபரானார். 1804ஆம் ஆண்டின் 12ஆவது திருத்தம் இரு பதவிகளுக்கும் தனித்தனி வாக்கு என்று வகுத்து அந்தச் சிக்கலைத் தீர்த்தது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. அதுவரை அதிபர் பதவிக்கு உரியவர் என்று கருதி வாக்களிக்கப்பட்ட இருவரில் இரண்டாமவர் அமர்ந்த நாற்காலி, அதன் பிறகு கட்சிக்குள் மனத்தாங்கல் உள்ள பிரிவைச் சமாதானப்படுத்தும் இடமாயிற்று.

அந்த நாற்காலியிலிருந்து ஒன்பது பேர் தேர்தல் இன்றியே அதிபர் ஆகியிருக்கிறார்கள். எட்டுப் பேர் அதிபரின் மரணத்தால், ஒருவர் நிக்சனின் பதவி விலகலால். அதிபர் வேட்பாளரின் தகுதியை ஆராயும் எழுத்து மலைபோல் குவிந்திருக்க, அவர் தமக்கு அடுத்த இடத்துக்கு யாரை, எப்படித் தேர்ந்தார் என்பதை மட்டும் தேர்தல் கால வேடிக்கையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அந்தத் தேர்வே வேட்பாளரின் தகுதிக்குக் கிடைக்கும் நம்பத்தக்க சான்று என்பது இக்கட்டுரையின் வாதம். காரணம் எளியது. வேட்பாளராக இருக்கையில் ஒருவர் செய்யும் மற்ற எல்லாமே பேச்சு. இது ஒன்றுதான் செயல். அதிபரானபின் அவர் நாள்தோறும் செய்யப்போவதை, அதாவது முழுத் தகவல் கையில் இல்லாமல், நெருக்கடிக்குள், பெரிய பொறுப்புக்கு ஆளை நியமிப்பதை, வாக்காளர் கண்முன் ஒருமுறை செய்துகாட்டுகிறார்.

வழக்கமான அளவுகோல் அனுபவம். அதன் போதாமையைக் காட்ட இரண்டு பெயர்கள் போதும். ஜேம்ஸ் புக்கானன் பிரதிநிதிகள் சபை உறுப்பினர், செனட்டர், ரஷ்யாவிலும் பிரிட்டனிலும் தூதர், வெளியுறவுச் செயலர் என எல்லாப் படியும் ஏறி 1857இல் அதிபரானவர். தென் மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து போனபோது, பிரிவது சட்டவிரோதம், அதைத் தடுக்கும் அதிகாரமும் தமக்கில்லை என்று சொல்லிவிட்டு இருந்தார். அவருக்குப் பின் வந்த லிங்கனின் நாடாளுமன்ற அனுபவம் பிரதிநிதிகள் சபையில் இரண்டே ஆண்டுகள். பொறுப்பு வகித்த காலத்தைக் கூட்டிப் பார்க்கும் கணக்கு இந்த இருவர் விஷயத்திலேயே தலைகீழாகிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் பெல்ஜியத்துக்கு உணவு கொண்டுசேர்த்து, பின்னர் அதிபராகத் தடுமாறிய ஹெர்பர்ட் ஹூவரின் நிர்வாகத் திறமையை 1928இல் எவரும் ஐயுறவில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

அறிஞர்கள் வேறு அளவுகோல்களைத் தேடியது இதனால்தான். ஜேம்ஸ் பிரைஸ் 1888இல் அமெரிக்க ஆட்சி பற்றி எழுதிய பெருநூலில், பெரிய மனிதர்கள் ஏன் அதிபராவதில்லை என்பதற்கே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். நல்ல வேட்பாளருக்கு வேண்டிய குணங்கள் வேறு, நல்ல அதிபருக்கு வேண்டிய குணங்கள் வேறு. கட்சி முன்னதைத்தான் தேடும் என்பது அவர் கண்டது. 1972இல் ஜேம்ஸ் டேவிட் பார்பர் அதிபர்களைக் குணவார்ப்பின்படி நான்கு வகையாகப் பிரித்தார். ஃபிரெட் கிரீன்ஸ்டீன் பேச்சாற்றல் முதல் உணர்ச்சி முதிர்ச்சி வரை ஆறு பண்புகளைச் சொன்னார். இவை மதிக்கத்தக்க முயற்சிகள். ஆனால் ஆட்சி முடிந்தபின் வரலாறு எழுதுபவருக்கு உதவும் அளவுக்கு, வாக்குச் சாவடிக்குப் போகிறவருக்கு அவை உதவுவதில்லை. ஒருவரின் உணர்ச்சி முதிர்ச்சியைத் தொலைக்காட்சி விவாதத்தில் அளக்க முடியாது. அவர் யாரைத் தமக்கு அடுத்து நிறுத்தினார் என்பதை யாரும் பார்க்கலாம்.

இந்த அளவுகோலுக்கு ஒரு கால எல்லை உண்டு. 1940 வரை இணை வேட்பாளரைத் தேர்ந்தது பெரும்பாலும் கட்சி மாநாடுதான். அதிபர் வேட்பாளர் அல்லர். 1864இல் பால்டிமோர் மாநாடு ஹன்னிபால் ஹாம்லினைக் கைவிட்டு, தென்பகுதியைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஜான்சனை நிறுத்தியது. போருக்கு ஆதரவான எதிர்க்கட்சியினரின் வாக்கைப் பெறும் கணக்கு அது. அதில் லிங்கனின் கை எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் உடன்பாடில்லை. விளைவில் ஐயமில்லை. பதவியேற்ற ஆறே வாரத்தில் லிங்கன் கொல்லப்பட, அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட நாற்பது லட்சம் மக்களின் எதிர்காலம், அவர்களுக்குக் குடியுரிமை தரும் 1866ஆம் ஆண்டுச் சட்டத்தையே நிராகரித்த ஒருவர் கைக்குப் போயிற்று. நாடாளுமன்றம் அந்த நிராகரிப்பை மீறிச் சட்டத்தை நிறைவேற்றியது. 1868இல் செனட்டில் ஒரே வாக்கில் அவர் பதவி தப்பியது. ஒரு தேர்தலுக்காகப் போட்ட கணக்கின் கடனைக் கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக அடைத்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

ஹென்றி வாலஸ் இல்லையென்றால் தாமும் நிற்கப்போவதில்லை என்று 1940இல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பிடிவாதம் பிடித்த பிறகுதான் தேர்வு வேட்பாளரின் உரிமையாயிற்று. நம் அளவுகோல் முழுமையாகப் பொருந்துவது அங்கிருந்துதான். அதே ரூஸ்வெல்ட் நான்கு ஆண்டுகள் கழித்து நடந்துகொண்ட விதத்தை நெருங்கிப் பார்க்க வேண்டும். 1944 மார்ச்சில் ஹோவர்ட் புரூயன் என்ற இதய மருத்துவர் அவரைப் பரிசோதித்து இதயச் செயலிழப்பைக் கண்டறிந்தார். கட்சித் தலைவர்களுக்கு மருத்துவ அறிக்கை தேவைப்படவில்லை. ஆளைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த ஜூலையில் சிகாகோ மாநாட்டில் தாங்கள் தேர்வது அடுத்த அதிபரை என்று அறிந்தேதான் அவர்கள் வாலஸைத் தள்ளி ஹாரி ட்ரூமனைக் கொண்டுவந்தார்கள். ரூஸ்வெல்ட் ஒருவருக்கு ஆசை காட்டினார், இன்னொருவருக்குக் கடிதம் கொடுத்தார், கடைசியில் மற்றவர்கள் முடிவுக்கு விட்டுவிட்டார்.

தேர்வு தவறில்லை. ட்ரூமன் பத்தாண்டு செனட்டர். போர்ச் செலவுகளை விசாரித்த குழுவின் தலைவராகப் பெயர் எடுத்தவர். தவறு பிறகு நடந்தது. துணை அதிபராக இருந்த 82 நாட்களில் அதிபரோடு தனியே உட்கார்ந்து பேச அவருக்கு வாய்ப்பே அரிதாகத்தான் கிடைத்தது. 1945 ஏப்ரல் 12 மாலை, நாடாளுமன்றக் கட்டடத்தில் அவைத்தலைவர் சாம் ரேபர்னின் அறையில் இருந்த அவருக்கு, உடனே வெள்ளை மாளிகைக்கு வரும்படி தொலைபேசிச் செய்தி வந்தது. அங்கே எலினார் ரூஸ்வெல்ட் தம் கணவர் இறந்த செய்தியைச் சொன்னார். இரவு 7 மணி தாண்டிச் சில நிமிடத்தில் தலைமை நீதிபதி ஹார்லன் ஸ்டோன் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். சிறு அமைச்சரவைக் கூட்டம் முடிந்து மற்றவர்கள் கலைந்தபின் போர்த்துறைச் செயலர் ஹென்றி ஸ்டிம்சன் மட்டும் பின்தங்கி, நம்ப முடியாத ஆற்றல் கொண்ட ஒரு வெடிபொருள் உருவாகிவருவதாக ஓரிரு வாக்கியங்களில் சொன்னார். விவரமான விளக்கம் கிடைக்க ஏப்ரல் 25 வரை ஆயிற்று. அணுகுண்டைப் பயன்படுத்தும் அதிகாரம் கைக்கு வந்த நேரத்தில் அது உருவாகிவருவதே அவருக்குத் தெரியாது.

திருக்குறளின் அரசியல் பகுதியில் ஆளைத் தேர்வதற்குத் தெரிந்துதெளிதல் என்றும், தேர்ந்தவரிடம் வேலையை ஒப்படைப்பதற்குத் தெரிந்துவினையாடல் என்றும் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. முதலாவதில் கட்சியின் தயவால் தப்பிய ரூஸ்வெல்ட் இரண்டாவதில் தவறினார். பன்னிரண்டு ஆண்டு அதிபராக இருந்தவர், உலகப் போரை நடத்தியவர், தம் மரணம் பற்றிய கேள்வியை மட்டும் நேருக்கு நேர் பார்க்க மறுத்தார். இதை அவருடைய ஆட்சித் தகுதியின் கணக்கிலேயே வைக்க வேண்டும், மனப்போக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது.

அடுத்த பாடம் 1972. மயாமி பீச்சில் ஜனநாயகக் கட்சி மாநாடு. ஜூலை 13 மாலை 4 மணிக்குள் பெயர் கொடுத்தாக வேண்டும். வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன் முந்தைய நாள் வரை தம் நியமனத்துக்கான போராட்டத்திலேயே மூழ்கியிருந்தார். எட்வர்ட் கென்னடி மறுத்தார், வேறு சிலரும் மறுத்தார்கள். கெடு நெருங்கும் நேரத்தில் மிசூரி செனட்டர் தாமஸ் ஈகிள்டனுக்குத் தொலைபேசி போயிற்று. மெக்கவர்ன் கேட்க, அவர் உடனே இசைந்தார். பிறகு உதவியாளர் ஃபிராங்க் மான்கிவிச் தொலைபேசியை வாங்கி, வெளியே வந்தால் சங்கடப்படுத்தும் செய்தி ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. நாட்டின் இரண்டாம் பதவிக்கான விசாரணை அத்துடன் முடிந்தது. மனச்சோர்வுக்காக மூன்று முறை மருத்துவமனையில் சேர்ந்ததும் மின் அதிர்ச்சிச் சிகிச்சை பெற்றதும் சில நாட்களில் வெளிவந்தன. முழு ஆதரவு தருவதாக அறிவித்த மெக்கவர்ன், அடுத்த சில நாட்களில் பின்வாங்கினார். ஜூலை 31 அன்று ஈகிள்டன் விலகினார். நவம்பரில் மெக்கவர்ன் 49 மாநிலங்களில் தோற்றார்.

அந்தத் தோல்வி ஈகிள்டனால் வந்ததென்று நான் கருதவில்லை; நிக்சன் எப்படியும் வென்றிருப்பார். மெக்கவர்னைப் பற்றி அந்த 18 நாட்கள் காட்டியவை வேறு: முக்கியமான முடிவைக் கடைசி மணி நேரத்துக்குத் தள்ளியது, கேட்க வேண்டியதை உதவியாளரிடம் விட்டது, கொடுத்த வாக்கை நெருக்கடியில் காப்பாற்ற முடியாமல் போனது. எல்லாமே ஆட்சி நாற்காலியில் வெளிப்படக்கூடிய குறைகள்.

வென்ற நிக்சனின் தேர்வு இதைவிடப் பழுதானது என்பது அப்போது வெளியே தெரியவில்லை. 1968இல் அவர் பொறுக்கிய ஸ்பைரோ அக்னியூ மேரிலாந்து ஆளுநராகி இரண்டு ஆண்டுகூட ஆகாதவர். கட்சியின் எந்தப் பிரிவும் கடுமையாக எதிர்க்காத பெயர் என்பதே அவருடைய முதல் தகுதி. ஒப்பந்ததாரர்களிடம் அவர் வாங்கிய லஞ்சப் பணம் துணை அதிபரான பின்னும் உறையில் வந்துகொண்டிருந்தது. 1973 அக்டோபர் 10 அன்று, வரி ஏய்ப்புக் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாமல் பதவி விலகினார். நிக்சன் விலகியது அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 9. வழக்கு பத்து மாதம் தாமதமாகியிருந்தால் அக்னியூ அதிபர்.

1976இல் ஜிம்மி கார்ட்டர் இந்த இரு அனுபவங்களிலிருந்தும் கற்றார். ஜூன் மாதமே நியமனம் உறுதியாகிவிட்டதால் அவருக்கு நேரம் இருந்தது. அந்த நேரத்தை அவர் வீணாக்கவில்லை. விரிவான வினாப்பட்டியல் அனுப்பினார். வால்டர் மான்டேல், எட்மண்ட் மஸ்கி, ஜான் கிளென் ஆகியோரை ஜார்ஜியாவில் தம் ஊரான பிளெயின்ஸுக்கு வரவழைத்து மணிக்கணக்கில் பேசினார். வாஷிங்டனை அறியாத தமக்கு அதை அறிந்த ஒருவர் தேவை என்ற தெளிவோடு, 12 ஆண்டுகளாகச் செனட்டில் இருந்த மான்டேலை எடுத்தார். வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதியிலேயே அறை, வாரம் ஒருமுறை தனியே மதிய உணவு, ரகசிய ஆவணங்கள் அனைத்தும் என்று அவர் கொடுத்த இடம்தான் இன்று வரை துணை அதிபர் பதவியின் அடித்தளம். ஆனாலும் கார்ட்டரின் ஆட்சி விலைவாசியிலும் ஈரான் பணயக் கைதிகள் விவகாரத்திலும் சிக்கி நான்கே ஆண்டில் முடிந்தது. ஆகவே இந்த அளவுகோல் எல்லாவற்றையும் அளக்கும் என்று உரிமை கோர முடியாது. ஆளைத் தெரிவு செய்வதும் அதிகாரத்தைப் பகிர்வதுமான ஒரு திறமையை அது அளக்கிறது. அதிபரின் வேலையில் பாதி அதுதான்.

எதிர்வாதம் ஒன்றுண்டு. இணை வேட்பாளர் தேர்வு முழுக்க வாக்குக் கணக்கு, அதில் ஆட்சித் திறமையைத் தேடுவது வீண் என்பார்கள். வாக்குக் கணக்கே பலிப்பதில்லை என்பது இப்போது தெரிந்துவிட்டது. அரசியல் ஆய்வாளர்கள் கிறிஸ்டோபர் டிவைனும் கைல் காப்கோவும் 2016இலும் 2020இலும் வெளியிட்ட நூல்களில் பல தேர்தல்களின் தரவுகளை அலசினார்கள். துணை அதிபர் வேட்பாளர் தம் சொந்த மாநிலத்தை வென்று தருவார் என்ற பரவலான நம்பிக்கைக்குத் தக்க ஆதாரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் கண்ட விளைவு மறைமுகமானது: தேர்வைப் பார்த்து வாக்காளர் அதிபர் வேட்பாளரின் நிதானத்தை எடைபோடுகிறார். என் வாதத்துக்கு இதைவிட வலுவான துணை வேண்டியதில்லை. சாதாரண வாக்காளர் ஏற்கெனவே இந்த அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறார். கணக்கும் தகுதியும் ஒன்றுக்கொன்று பகையும் அல்ல. 1960இல் ஜான் கென்னடி டெக்சஸை எண்ணித்தான் லிண்டன் ஜான்சனை அழைத்தார். ஆனால் அழைக்கப்பட்டவர் செனட்டின் பெரும்பான்மைத் தலைவர். 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தை நிறைவேற்றிக் காட்டியவர் அவர்தான்.

2008இல் 72 வயதை எட்டிய ஜான் மெக்கேன் அலாஸ்கா ஆளுநராகி இரண்டாண்டு நிறையாத சாரா பேலினை, சில நாள் விசாரணையோடு அறிவித்தார். ஜோ லீபர்மனைத் தேர்ந்திருக்க வேண்டும் என்று பத்தாண்டு கழித்துத் தம் நினைவு நூலில் எழுதினார். இதற்கு மேல் அதை விரிக்க வேண்டியதில்லை.

2020 தேர்தல் நமக்குச் சற்று நெருக்கமானது. 77 வயதில் ஜோ பைடன் கமலா ஹாரிஸைத் தேர்ந்தபோது, அவருடைய தாய் ஷியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர் என்பதாலும் தாத்தாவின் பூர்வீகம் துளசேந்திரபுரம் என்பதாலும் தமிழ்நாட்டில் எழுந்த மகிழ்ச்சி இயல்பானது. அந்த ஊர்க் கோயிலில் நடந்த பூசையைச் செய்தியாகப் படித்தோம். ஆனால் வம்சத்தைப் பேசிய அளவுக்கு அந்தத் தேர்வின் கனத்தை நாம் பேசவில்லை. அரசு வழக்கறிஞர், கலிபோர்னியாவின் தலைமை வழக்கறிஞர், செனட்டர் என்ற அவருடைய வரலாறு வாரக்கணக்கில் அலசப்பட்ட பிறகே அறிவிப்பு வந்தது. அன்று பைடன் தேர்ந்தது 2024இன் வேட்பாளரையும்தான். 2024 ஜூலை 21 அன்று அவர் ஒதுங்கியதும் கட்சி சில நாட்களில் ஹாரிஸ் பின்னால் திரண்டது; வேறு பெயரை நிதானமாகப் பரிசீலிக்க நேரமில்லை. டிம் வால்ஸைத் தேர ஹாரிஸுக்கு இரண்டு வாரம்தான் கிடைத்தது. நிக்சன், ஹம்ஃப்ரி, மான்டேல், மூத்த புஷ், கோர், பைடன், ஹாரிஸ் என்று துணை அதிபராக இருந்து கட்சியின் வேட்பாளரானவர்கள் வரிசையைப் பார்த்தால், இணை வேட்பாளர் தேர்வு நான்கு ஆண்டுக்கானது அல்ல என்பது விளங்கும். 78 வயதில் மீண்டும் பதவியேற்ற டொனால்ட் டிரம்ப்புக்கு அடுத்து, செனட்டுக்கு வந்து இரண்டு ஆண்டே ஆகியிருந்த 40 வயது ஜே.டி. வான்ஸ் நின்றதையும் இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும்.

இவ்வளவு கனமான தேர்வை ஒருவர் விருப்பத்துக்கு விட்டுவைத்திருக்கும் அதே நாட்டில் இன்னொரு நடைமுறையும் இருக்கிறது. 1967இன் 25ஆவது திருத்தப்படி, துணை அதிபர் இடம் நடுவில் காலியானால் அதிபர் முன்மொழிபவரை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஏற்க வேண்டும். அக்னியூவுக்குப் பின் ஜெரால்ட் ஃபோர்டை எஃப்.பி.ஐ. துருவி விசாரித்தது, செனட்டின் விதிமுறைக் குழுவும் பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழுவும் அவரை எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டன. செனட்டில் 92க்கு 3, சபையில் 387க்கு 35 என்ற வாக்குகளில் தேறினார். அடுத்து வந்த நெல்சன் ராக்ஃபெல்லர் விசாரணை 1974 ஆகஸ்ட்டிலிருந்து டிசம்பர் வரை இழுத்தது. பொதுப் பதவியில் இருந்தவர்களுக்கு அவர் கொடுத்திருந்த அன்பளிப்புகளும் கடன்களும் ஒவ்வொன்றாக வெளிவந்தன. அவர் விளக்கினார், அவைகள் ஏற்றன. நடுவில் வருபவருக்கு நான்கு மாத விசாரணை, தேர்தலோடு வருபவருக்குத் தொலைபேசியில் ஒரு கேள்வி என்ற நிலையை எந்த அரசியல் தத்துவத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

அரசியலமைப்பைத் திருத்தாமலே இதைச் சீர்செய்யலாம். கட்சி மாநாட்டில் துணை அதிபர் வேட்பாளரை ஏற்பது இன்றும் முறைப்படி தனித் தீர்மானம்தான். முதனிலைத் தேர்தல்கள் பெரும்பாலும் இளவேனிலிலேயே வேட்பாளரை முடிவு செய்துவிடுகின்றன. மாநாட்டுக்கு ஆறு வாரம் முன்னதாகவே இணையின் பெயரை அறிவிக்க வேண்டும், கட்சிப் பிரதிநிதிகளின் குழு ஒன்று ஃபோர்டிடம் கேட்டதைப் போன்ற கேள்விகளை வெளிப்படையாகக் கேட்க வேண்டும் என்று கட்சி விதியில் சேர்த்தால் போதும். 1956இல் அட்லாய் ஸ்டீவன்சன் தேர்வை மாநாட்டுக்கே விட்டுப் பார்த்தது இதற்கு முன்னுதாரணம் ஆகாது. கெஃபாவர், கென்னடி இருவருக்கும் அங்கே கிடைத்தது ஓரிரவு அவசரம்தான். வெளிப்படை விசாரணைக்குத் திறமையானவர்கள் அஞ்சி ஒதுங்குவார்கள், எதிர்க்கட்சிக்குத் தீனி கிடைக்கும் என்ற அச்சம் உண்மையானதுதான். ஆனால் ராக்ஃபெல்லர் அதைத் தாண்டி வந்தார். ஈகிள்டனுக்கு அந்த வாய்ப்பே தரப்படவில்லை. அவருடைய சிகிச்சை விவரம் முழுவதும் தெரிந்த மிசூரி வாக்காளர்கள் 1974இலும் 1980இலும் அவரையே மீண்டும் செனட்டுக்கு அனுப்பினார்கள். 1987 வரை அங்கே பணியாற்றினார்.